க்ராஷ் ஃபைலை அனுப்பும் முன்

கடையின் பில்லிங் சாஃப்ட்வேர் அடிக்கடி நின்றுபோகிறது என்று சர்வீஸ் ஆளிடம் சொன்னால், "ப்ராக்டம்ப்னு ஒரு டூல் இருக்கு சார், அதை ஓட்டி, வர்ற ஃபைலை அனுப்புங்க" என்பார். கேட்பது நியாயம்தான். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் அந்தக் கருவி, நிரல் செயலிழக்கும் நொடியில் அதன் நினைவகத்தை 'டம்ப்' எனும் ஃபைலாக நகலெடுத்து வைக்கிறது. பிழை எங்கே என்று நிரலாளர் அதைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பார்.

ஆனால் நினைவகத்தில் பிழை மட்டும் இருப்பதில்லை. அப்போது திறந்திருந்த வாடிக்கையாளரின் பெயர், கைபேசி எண், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எல்லாம் படிக்கக்கூடிய எழுத்தாகவே அதில் கிடக்கலாம். பீரோவைப் பூட்டாமல் பழுதுபார்க்கக் கொடுத்தனுப்புவதைப் போன்றது இது. அந்த ஃபைலை வாட்ஸ்அப் குழுவில் போடுபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அதிலிருப்பது பெரும்பாலும் அடுத்தவர் விவரம்.

எனவே முதலில் கேட்க வேண்டியது, "மினி டம்ப் போதுமா?" என்பதே. ப்ராக்டம்ப் இயல்பாக எடுப்பதும் அதைத்தான். கட்டளையில் 'எம்ஏ' சேர்த்தால் நிரலின் முழு நினைவகமும் வந்துவிடும். பல பிழைகளுக்கு மினியே போதும். அதிலும் ரகசியம் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு, ஆனால் மிகக் குறைவாக. முழு டம்ப் தேவை என்றால், முடிந்தவரை மாதிரி விவரங்களை வைத்து அதே பிழையை வரவழைத்து எடுங்கள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி அனுப்புங்கள். அந்தப் பாஸ்வேர்டைத் தொலைபேசியில் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் கணினியில் இருக்கும் நகலையும் அழியுங்கள்.

முன்பின் தெரியாத ஒருவர் போனில் அழைத்து டம்ப் எடுக்கச் சொன்னால் உடனே துண்டியுங்கள். 'எல்எஸ்ஏஎஸ்எஸ்' என்ற பெயரை அவர் சொன்னால் சந்தேகமே வேண்டாம். விண்டோஸின் லாகின் ரகசியங்களைக் கையாளும் நிரல் அது. ஊடுருவுபவர்கள் இதே ப்ராக்டம்பை வைத்து அதிலிருந்து பாஸ்வேர்டு விவரங்களைத் திருடுகிறார்கள்.

நாம் எடுக்காமலே போகும் தகவலும் உண்டு. விண்டோஸ் செட்டிங்ஸில் விருப்பத் தேர்வான டயக்னாஸ்டிக் டேட்டாவை அனுமதித்திருந்தால், நிரல் செயலிழந்த நேரத்து நினைவகத் துணுக்குகள் மைக்ரோசாஃப்டுக்குச் செல்லலாம். அதை அங்கேயே நிறுத்தலாம்; அனுப்பியதை அழிக்கச் சொல்லும் பொத்தானும் அதே பக்கத்தில் இருக்கிறது.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஒருவர் தன் விவரத்தை அழிக்கச் சொல்லும் உரிமையும் அதில் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. சட்டத்தை மட்டும் நம்பியிராமல், ஃபைலை யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

ஃபைல் தவறான கைக்குப் போய்விட்டதா? அந்தக் கணினியில் பயன்படுத்திய பாஸ்வேர்டுகளை வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள், எல்லாக் கணக்குகளிலும் லாக்அவுட் செய்யுங்கள். பணம் பறிபோயிருந்தால் வங்கிக்குச் சொல்லிவிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.