கள்ளின் தரமறிதல்

கள் என்ற சொற் காதில் விழுந்த அளவிலே முகஞ்சுளித்தல் கற்றோரிடைப் பழகிப்போன செயல். வள்ளுவர் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். யாழ்ப்பாணத்துச் சைவப் பெரியோரும் மதுவிலக்கைத் தலையாய அறங்களுள் ஒன்றாகப் போற்றினர். அந்நெறியை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும், ஒரு பொருளை விலக்குதல் வேறு. அப்பொருளைப் பற்றிய அறிவை விலக்குதல் வேறு. பாம்பின் நஞ்சை ஆராய்வோன் நஞ்சுண்போன் ஆகான். மேலும், கள்ளை வாயில் வையாத வீடுகளிலும் அப்பத்துக்கு மாப் புளிக்கவைக்கும் பொருட்டுக் கள் வாங்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் உண்டு. செம்பை மூக்கருகே கொண்டுசென்ற மாத்திரத்தே, இது மாவைப் பொங்கச் செய்யுமா, வெறும் புளிப்பையே தருமா என்று சொல்லிவிடும் மூதாட்டியர் ஒரு துளியும் பருகாதவர். எனினும் கள்ளின் தரமறிவதில் அவர் தேர்ந்த நடுவரே.

வேலணையை அடுத்துள்ள சரவணை, தீவுப்பகுதியின் ஏனைய ஊர்களைப் போலப் பனையை அண்டி வாழ்ந்த ஊர். அங்கே ஆறில்லை, கிணறுகள் பலவற்றில் உவர் ஏறும், மழையோ சில திங்களுக்கே உரியது. அத்தகைய நிலத்தில் வேரூன்றி நிற்கும் பனை, தை மாசி தொடங்கி ஆவணி வரையில் பாளைவழியே சாறு சொரியும். ஆண்பனை, பெண்பனை இரண்டும் சீவப்படும். பாளையை இறுகக் கட்டி, பதமறிந்து நசுக்கி, அதன் நுனியைக் காலையும் மாலையும் மெல்லிதாகச் சீவி, முட்டியைக் கட்டிவிடுவர். முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு பூசினால் இறங்குவது கருப்பநீர். பூசாது விட்டால் இறங்குவது கள். மரமும் ஒன்று, பாளையும் ஒன்று, சாறும் ஒன்று. இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்பு மாத்திரமே.

புதிதாகச் சொட்டும் பனஞ்சாற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 12 பங்கு சர்க்கரை உண்டு. காற்றிலும் பாளையிலும் முட்டியின் சுவரிலும் உறையும் நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. இலற்றிக்கமிலப் பற்றீரியங்கள் முதலிற் பெருகி இளம்புளிப்பை ஊட்டும். மதுவம் சர்க்கரையை மதுசாரமாகவும் கரியமிலவாயுவாகவும் பிரிக்கும். இறுதியில் அசற்றிக்கமிலப் பற்றீரியங்கள் அம்மதுசாரத்தையே காடியாக்கிவிடும். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக்கி இவை யாவற்றையும் ஒடுக்குகின்றது. சர்க்கரையின் எடையில் ஏறக்குறையப் பாதியே மதுசாரமாகும் ஆதலின், எஞ்சாமல் மாறினும் கள்ளின் வலிமை கனவளவில் 7 அல்லது 8 வீதத்தைத் தாண்ட வழியில்லை. பெரும்பாலும் 4 முதல் 6 வீதத்தில் நின்றுவிடும். பிறப்பு, முதிர்ச்சி, அழிவு என்னும் மூன்றும் ஏறத்தாழ ஒரு பகலிரவுள் நடந்தேறுகின்றன என்பதே கள்ளின் தனித்தன்மை.

இத்தன்மையை நன்கு விளங்கிக்கொள்ள, இதற்கு நேரெதிரான ஒரு பானத்தை அருகே வைத்து நோக்குதல் தகும். வேலணைத்தீவுக்கு லைடன் எனத் தம் நகரொன்றின் பெயரைச் சூட்டிய ஒல்லாந்தரும், அவருக்குப் பின் வந்த ஆங்கிலேயரும் வாற்கோதுமையிலிருந்து பியர் வடிக்கும் நாட்டினர். அப்பியர் வகைகளுள் வலிமை மிக்கதொன்றை ஆங்கிலேயர் பார்லி வைன் என்பர். பெயரில் வைன் இருப்பினும் அதில் திராட்சை இல்லை; வைனுக்கு ஒப்பான வலிமை பற்றியே அப்பெயர் வந்தது. பழங்காலத்தும் அவ்வொப்புமை வழங்கியது. கி.மு. 401ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் பின்வாங்கலின்போது ஆர்மீனிய மலையூர்களைக் கடந்த கிரேக்கனாகிய செனபன், அங்கே கண்ட வாற்கோதுமை வைனைப் பற்றி எழுதியுள்ளான். நீர் கலவாவிடின் மிகக் கடியது, பழகியோர்க்கு இனியது என்பது அவன் தீர்ப்பு. ஒரு மதுவின் தரத்தை இரண்டே கூற்றில் அடக்கிய பழைய குறிப்பு அது.

பார்லி வைனுக்கு முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை மிகுதியாக இட்டுச் செறிந்த சாறெடுப்பர். அதன் மதுசாரம் பெரும்பாலும் 8 முதல் 12 வீதம் வரை இருக்கும். வடித்தவுடன் அது முரடானது. மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில் மிடாவிலோ போத்தலிலோ கிடந்த பின்னரே கடுமை தணிந்து, காய்ச்சிய பாகும் உலர்ந்த பழமும் கலந்தாற் போன்ற மணம் பெறும். ஆங்கில நாவலாசிரியர் தாமசு ஆர்டி மறைந்து 40 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, 1968இல் டோர்செற்றர் நகரில் வடிக்கப்பட்ட இத்தகைய மதுவொன்று 25 ஆண்டு கெடாதிருக்கும் என்று கூறப்பட்டது. சரவணைப் பனையடியிற் பிறக்கும் கள்ளுக்கு 25 மணிநேரமே நீண்ட வாழ்வு. ஒன்று காலத்தாற் கட்டப்படுவது. மற்றொன்று காலத்தால் அழிக்கப்படுவது. ஆகவே இரண்டையும் ஒரே கோலால் அளத்தல் பொருந்தாது.

தானியமதுவைத் தமிழர் அறியாதவரும் அல்லர். பெரும்பாணாற்றுப்படை இதனை வடிக்கும் முறையைப் படிப்படியாகக் கூறுகின்றது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, அதனுடன் நல்லடை என்பதைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்துப் பிழிந்தெடுப்பர். நல்லடை என்பதற்கு முளைநெல்லின் அடை எனப் பொருள் கொள்ளின், இம்முறைக்கும் வாற்கோதுமை முளையால் மதுவடிக்கும் முறைக்கும் உள்ள உறவு வெளிப்படை. அங்கே கூழை ஆற்றும் தட்டின் பெயர் பிழா. யாழ்ப்பாணத்தில் பனையோலையைக் கோலிச் செய்யும் கள்ளுண் கலத்தின் பெயர் பிளா. இரண்டும் ஒரு சொல்லே என முடிந்த முடிபாகக் கூறத் துணியாவிடினும், ஒப்புமை கருதத்தக்கது. மூங்கிற் குழாயில் வைத்து முதிர்வித்த தேறலையும் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. தேறல் என்பது தெளிந்தது. நாள்பட்டுத் தெளிந்ததைப் புலவர் சிறப்பித்தனர்.

ஆயின் பனங்கள்ளின் தரமறிவோன் முதலிற் கைவிட வேண்டிய கருத்து இத்தெளிவு பற்றியதே. பார்லி வைனிற் கலங்கல் பெரும்பாலும் குறையாக எண்ணப்படும். கள்ளிலோ வெண்மையான கலங்கல் மதுவம் உயிரோடு தொழிற்படுவதன் அடையாளம். நுரை நுண்ணியதாய் எழுந்து பிளாவின் ஓரத்தைப் பற்றி நிற்குமாயின் நொதித்தல் நடைபெறுகின்றது என்க. நுரை பருத்து உடனே உடைந்து, அடியில் மண்டி படிந்து, மேலே தெளிவு தோன்றுமாயின் அக்கள்ளின் பொழுது கழிந்துவிட்டது. 

அடுத்தது மணம். இளங்கள்ளில் பாளையின் பசுமணமும், பழுத்த கனியை நினைவூட்டும் மதுவ மணமும் கலந்து நிற்கும். காடி மணம் மூக்கைக் குத்துமாயின் சுவைத்தறிய வேண்டிய தேவையே இல்லை. இவற்றின் வேறாகப் பழமுட்டியின் ஊசல் நாற்றமும் உண்டு. கழுவி உலர்த்தாத முட்டியில் முன்னாள் மண்டி ஒட்டியிருந்து, புதிய சாற்றை அது விழும்போதே பழையதாக்கிவிடும். இது பனையின் குற்றமன்று, முட்டியின் குற்றம். இரண்டையும் பிரித்தறிவதில்தான் தேர்ச்சி இருக்கின்றது. முட்டியில் விழுந்த ஈயையும் தும்பியையும் பன்னாடையால் அரித்தெடுப்பர். நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் இப்பன்னாடையைத்தான் நெய்யரி என்ற பெயரால் நன்னூலார் கடைமாணாக்கனுக்கு உவமையாக்கினார். கள்ளைப் பொறுத்தவரை அதன் தொண்டு குறைகூறற்பாலதன்று.

சுவையில் நோக்கத்தக்கன இனிப்பும் புளிப்பும் மாத்திரமல்ல. அவை நாவில் வந்துசேரும் வரிசையும் ஆகும். நல்ல கள்ளில் இனிப்பு முன்வந்து, கரியமிலவாயுவின் மெல்லிய சுறுக்கு அதனைத் தொடர்ந்து, இளம்புளிப்பு இறுதியில் வந்து வாயைத் துலக்கிச் செல்லும். பார்லி வைனிற் புளிப்புத் தோன்றின் நடுவர் அதனைக் கெட்டதென்று ஒதுக்குவர். கள்ளிற் புளிப்பே இல்லையாயின் அது இன்னும் கள்ளாகவில்லை. நீர் கலந்த கள் நாவிற் படியாது வழுகிப்போம். சீனி கரைத்த கள்ளோ நுனிநாவில் இனித்து, பாளைமணம் இன்றி வெறுமையாய் முடியும்.

அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பியர் நடுவர் சான்றிதழ்த் திட்டம் 50 புள்ளி கொண்ட தாளொன்றை வகுத்துள்ளது. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் திண்மைக்கு 5, முழுமைக்கு 10 என்பது அதன் பங்கீடு. பார்லி வைனை மதிப்பிட இது சாலும். கள்ளுக்கு இத்தாளைக் கொண்டுவருவோன், தோற்றத்துக்கு மூன்றே புள்ளி என்பதைக் கண்டு திகைப்பான். கள்ளின் வயதைக் கண்தான் முதலிற் சொல்கின்றது. அன்றியும், எந்த மரம், எந்த வேளை, இறக்கி எத்தனை நாழிகை என்னும் மூன்று வினாக்களுக்கு அத்தாளில் இடமில்லை. பகல் வெயிலில் நிறைந்த முட்டி, இரவுக் குளிரில் நிறைந்த முட்டியினும் விரைந்து புளிக்கும். மழைநாட் கள் நீர்த்துப்போம். மரத்துக்கு மரம் சாறு வேறுபடும். அது பற்றியே தனிப்பனைக் கள் என ஒன்றை வேறாக வைத்து மதித்தனர். தவறணையிற் பல மரத்துக் கள்ளும் ஒரே கலத்திற் கலந்த பின் இவ்வேறுபாடு மறைந்துபோம்.

தவறணையில் வேரூன்றிய பிழையான எண்ணமொன்று, கடுப்பே தரம் என்பது. புலவரும் இதற்கு முற்றும் விலக்கல்லர். நாட்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டியதற்கு ஒப்பிடும் புறநானூற்றின் 392ஆம் பாடல். சிறுபாணாற்றுப்படை பாம்பின் சினத்துக்கு ஒப்பிடும். முதிர்ந்த தேறலுக்கு அது பொருந்தலாம். பனங்கள்ளிலோ தொண்டையைப் பிடிக்கும் கடும்புளிப்பு வலிமையின் அடையாளமன்று. மதுசாரம் காடியாக மாறுவதாலேயே அப்புளிப்பு ஏறுகின்றது ஆதலின், மிகப் புளித்த முட்டியைத் தேடிப் பருகுவோன் வலிமை குறைந்ததற்கே விலை கொடுக்கின்றான்.

இவ்வறிவு முழுவதும் எவரிடம் இருந்தது? பாளையின் முற்றலைக் கைவிரலால் அறிந்து, தளைநாரிட்டு நாடோறும் இருமுறை ஏறியிறங்கிய சீவற்றொழிலாளரிடம் இருந்தது. எந்தப் பனை எந்தக் கிழமையில் இனிக்கும், எந்த முட்டியை நாளை வெயிலிற் காயவைக்க வேண்டும் என்பன அவர் எழுதாக் கல்வி. அவர் கொணர்ந்த கள்ளை அப்பமாவுக்கு ஏற்ற வீடுகள், சாதியின் பெயரால் அவரைப் படலைக்கு வெளியே நிறுத்தின. கள்ளை இகழ்ந்த கற்றோர் அதனோடு சேர்த்து இக்கல்வியையும் இகழ்ந்தமையாலேயே, பனையின் பயன்களை அடுக்கிப் பாடிய தமிழில் கள்ளின் தரமறியும் நூலொன்று தோன்றவில்லை போலும். 1990இல் போர் தீவுப்பகுதியைச் சூழ்ந்தபோது ஊர்கள் வெறுமையாயின. சீவுவாரின்றிப் பனைகள் நின்றன. சீவியவர் பலர் வேற்றூர்களிற் பிற தொழில் பற்றினர். அவர்தம் மைந்தர் மரமேறாமையை எவரும் குறைகூற இயலாது.

பனைதென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கும் முறையைக் கைக்கொண்ட பின், கள் ஒரு நாளின் எல்லையைக் கடந்தது. அடைத்த கள்ளைச் சூடாக்கி நுண்ணுயிர்களைக் கொல்வதனால் அது மாதக்கணக்கிற் புளியாது நிற்கும். ஈட்டமும் கூடும், கடல்கடந்து வாழும் தீவாருக்கும் கிட்டும். ஆயின் முன்கூறிய முறைப்படி நோக்கின், சுறுக்கு மழுங்கி, பாளைமணத்தின் இடத்தே வெந்த மணமே முந்துகின்றது. மூதாட்டியின் சோதனை இன்னும் கடுமையானது: அப்போத்தலைத் திறந்து இரவில் அரிசிமாவிற் கலந்து வைத்தால் விடியுமுன் மா பொங்காது, கடைக்கு ஆளனுப்பி ஈஸ்ட் வாங்கிவந்துதான் சேர்க்க வேண்டும்.