குத்து எங்கிருந்து புறப்படுகிறது?

கராத்தே கிளாஸில் சேர்ந்த புதிதில் அநேகமாக எல்லாருக்கும் ஓர் ஏமாற்றம் வரும். வெறுங்காலோடு வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள். மாஸ்டர் ‘இச், நி, சான்’ என்று ஜப்பானிய மொழியில் எண்ணுகிறார். எண்ணுக்கு ஒரு குத்து, காற்றில். எதிரே ஆளும் இல்லை, உடைக்க ஓடும் இல்லை. என் அக்கா மகன் பதினைந்தாம் நாளே கேட்டுவிட்டான்: “மாமா, எப்பதான் சண்டை சொல்லித் தருவாங்க?” நியாயமான கேள்வி. அந்தக் காற்றுக் குத்தை நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் கையை மூடுவோம். நான்கு விரல்களையும் நுனியிலிருந்து சுருட்டி உள்ளங்கையில் அழுத்துங்கள். கட்டைவிரல் வெளியே, மடங்கிய ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் மேல் குறுக்காகப் படியட்டும். அதை உள்ளே வைத்து மூடிக்கொண்டு குத்தினால் முதலில் அடிபடுவது அதுதான். இலக்கில் படவேண்டியது ஆள்காட்டி, நடுவிரல் இரண்டின் முட்டிகள். மணிக்கட்டு மடங்கக் கூடாது.

குத்தின் பலம் கையில் இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பள்ளி ஆண்டு விழாவில் ஓடு உடைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறெப்படித் தோன்றும்? ஆனால் நடுவழியில் நின்றுபோன காரைத் தள்ளியதை நினைத்துப் பாருங்கள். கை வண்டியின்மேல் இருக்கும், தள்ளுவது பின்னங்கால். சேற்றில் கால் வழுக்கினால் பயில்வானாலும் வண்டியை நகர்த்த முடியாது. குத்தும் அப்படித்தான். பின்னங்கால் தரையை உந்துகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் அதன்பின் போகிறது, கை கடைசியில் வந்து சேர்கிறது. முன்கால் முட்டி மடங்கி, பின்கால் நீண்டு நிற்கும் நிலைக்கு ‘ஜென்குட்சு தாச்சி’ என்று பெயர். தொடை நடுங்கும்வரை அதில் நிற்கவைப்பது தண்டனை அல்ல. காரைத் தள்ளும் காலைத் தயார் செய்கிறார்கள்.

இடுப்பு திரும்ப இன்னொரு கை உதவுகிறது. ஒரு கை குத்தப் போகும்போது மற்றது விலாப்பக்கம் பின்னால் இழுபடும், இதுதான் ‘ஹிகிதே’. தயிர் கடைவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனை ஓடும், நடுவில் மத்து சுழலும். நம் இடுப்புதான் மத்து. எதிராளியின் கையைப் பிடித்து இழுக்கவும் இதே அசைவு பயன்படும். ஆரம்பத்தில் எல்லாரும் மறப்பது இந்த இழுக்கும் கையைத்தான். அக்கா மகனின் இடது கை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் அதைப் பிடித்து விலாவில் ஒட்டிவைத்தார். அடுத்த குத்தில் சட்டை ‘பட்’டென்று சத்தம் போட்டது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

சத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈரத் துண்டை உதறும்போது கை தளர்வாகத்தான் இருக்கும், கடைசிக் கணத்தில்தான் வெட்டி இழுப்போம். முதலிலிருந்தே விறைத்துக்கொண்டால் துண்டு சொடுக்காது. தோளைத் தளர்த்திவிட்டு, குத்து முடியும் அந்த நொடியில் மட்டும் உடம்பு முழுவதும் இறுகுவதை ‘கிமே’ என்பார்கள். இது கைவர வருஷங்கள் ஆகும்.

வரிசையில் நிற்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஒகினாவாத் தீவில் கராத்தே வெகுகாலம் குரு ஒருவர், சீடர் சிலர் என்று நடந்த கலை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கோ இதோசு என்ற ஆசான் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒன்றாகச் சொல்லித்தர வரிசைதான் வசதி. பிள்ளைகளுக்கென்றே எளிய அசைவுத் தொடர்களை அமைத்தார். அவரிடம் கற்ற பள்ளி ஆசிரியர் கிச்சின் ஃபுனகோஷி 1922-இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டினார். அவர் வழிவந்த ஷோட்டோகான் பள்ளியில் பெரும்பாலும் முதலில் கற்பிக்கும் தொடர் ‘ஹெய்யான் ஷோடான்’. 21 அசைவுகள். ‘ஷோடான்’ என்றால் முதல் படி. பிளாக் பெல்ட்டின் முதல் தகுதிக்கும் இதே பெயர்தான்.

சேரப்போகிறவர்கள் முதல் நாள் வெள்ளை டிரெஸ் வாங்க வேண்டியதில்லை. தளர்வான உடை போதும். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். அதற்கு முன், வீட்டுச் சுவரெதிரே இரண்டு காலையும் சேர்த்து நின்று, மூடிய கையால் மெதுவாக அழுத்துங்கள். சுவர் உங்களைப் பின்னால் தள்ளும். இப்போது ஒரு காலைப் பின்னால் நீட்டி, முன்முட்டியை மடக்கி, மறுபடி அழுத்துங்கள். குதிகாலில் ஏதோ தெரிகிறதல்லவா? அக்கா மகன் கேட்ட சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது.