குற்றவாளிக் கூண்டில் மரங்கொத்தி

தட்! தட்! தட்! பவானியில் இந்த ஓசை காதில் விழுந்தால், தறி என்றுதான் எவரும் எண்ணுவர். குழித்தறியிலே காலை இறக்கி, அகலமான ஜமக்காளத்துக்கு இரண்டு பேராக அமர்ந்து, நாடாவை ஒருவர் எறிய மற்றவர் வாங்கி, கையும் காலும் ஓயாமல் உழைக்கும் தோழர்களின் ஊர் அல்லவா இது! ஆனால் சென்ற பங்குனியில், பொழுது புலரும் வேளையில், நாம் அந்த ஓசையைக் கேட்டது தறிக்கூடத்தில் அல்ல. ஊரைத் தாண்டி, அந்தியூர் செல்லும் சாலையை ஒட்டிய தென்னந்தோப்பிலே!

அங்கே தறி ஏது? நெசவாளி ஏது? இருந்தது ஒரு மொட்டைத் தென்னை. அதன் உடம்பைக் கால் நகங்களால் பற்றி, விறைத்த வாலை முட்டுக்கொடுத்து, தலையை ஓங்கி ஓங்கி இறக்கிக்கொண்டிருந்தது ஒரு பறவை. முதுகு பொன்னிறம், கொண்டை செந்நிறம். பொன்முதுகு மரங்கொத்தி என்று பறவை நூலோர் குறிப்பிடுவது இதைத்தான்.

நம்மை அழைத்துச் சென்ற தோழர் ஜமக்காள நெசவாளி. பழைய காமிரா ஒன்றைத் தவணைக்கு வாங்கி, வேலையில்லாத காலைப் பொழுதுகளில் தோப்பு தோப்பாகத் திரிபவர். "படம் பிடித்து என்ன கண்டீர்?" என்று அவரைக் கேலி செய்தோர் பலர், நாமும் அதில் ஒருவர். அன்று அந்தக் கேலிக்கு விடை கிடைத்தது.

தோட்டத்துக்காரர் வந்தார். வந்ததும் குற்றப்பத்திரிகை வாசித்தார். "ஏனுங்க, இந்தக் குருவி இருக்குதுங்களே, இதுதானுங்க மரத்தையே கெடுத்துப்போட்டது. ஓட்டை ஓட்டையாப் போட்டு ஒழிச்சுக்கட்டிருச்சுங்க. நாளைக்கு ஆள் வருதுங்க, வெட்டிச் சாய்க்கப் போறனுங்க. விலையும் பேசியாச்சு."

கேட்டீர்களா? கொலைக் குற்றம்! வழக்குரைஞர் இல்லை, வாய்தா இல்லை. தண்டனை மட்டும் மறுநாளே!

நாம் ஒன்றே ஒன்று கேட்டோம். மரத்தின் தலை எப்போது போயிற்று? "அதுங்களா? போன ஐப்பசியில இடி விழுந்துச்சுங்க" என்றார். இடி விழுந்தது ஐப்பசியில். பறவை பொந்து குடையத் தொடங்கியது மாசியில். செத்த மரத்துக்குக் குடிவந்த ஏழைமீது, மரத்தைச் சாகடித்த பழி! இப்படிப் பழி சுமப்போரை நாம் மனிதரிடையே பார்த்திருக்கிறோம், பறவையிடத்தும் பார்த்தோம்.

பச்சை மரத்தை மரங்கொத்தி தொடவே தொடாது என்று நாம் சத்தியம் செய்ய வரவில்லை. தொடும். ஆனால் அது தேடுவது மரத்தை அல்ல. மரப்பட்டையின் இடுக்கிலே ஒளிந்திருக்கும் எறும்பை, மரத்தைக் குடையும் புழுவை. தென்னைக்கு உண்மைப் பகைவர் யார் என்று உழவரைக் கேளுங்கள்: குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டையும், தண்டை உள்ளிருந்தே தின்னும் சிவப்புக் கூன்வண்டையும் சொல்வார். உள்ளே இருந்து அரிப்பவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெளியே நின்று ஓசையோடு தட்டுகிறவன் அகப்பட்டுக்கொள்கிறான்!

நெசவாளித் தோழர் காமிராவின் முதுகில் இருந்த சிறு கண்ணாடியில் படங்களைக் காட்டினார். முதல் நாள் படங்கள் வெறும் கலங்கல்; தலை இருக்கவேண்டிய இடத்தில் புகை. நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் திறந்த கண்ணுக்கு மரங்கொத்தியின் தலை அகப்படுமா? நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கு மாற்றினாராம். அதற்கு ஒளி வேண்டும், ஆகவே வெயில் ஏறும்வரை காத்திருந்தாராம். ஆளைக் கண்டால் மரத்தின் மறுபுறம் நழுவிவிடும் பறவை. அது மறுபடி எட்டிப் பார்க்கும்வரை அசையாமல் நிற்கவேண்டும். தறியில் இழை அறுந்தால் பொறுமையாக முடிச்சுப் போடும் கைக்கு அது கடினமா?

பிந்திய படம் ஒன்றில், மெல்லிய நாக்கு பட்டை வெடிப்பில் நுழைந்திருக்கிறது, சுற்றிலும் எறும்புகள். அந்த நாக்கின் அடிப்பகுதி மண்டையோட்டைப் பின்புறமாகச் சுற்றி வந்து முன்னே முடிகிறது என்றால், கதை என்பர் சிலர். கதையல்ல, உடற்கூறு.

கதை எது தெரியுமா? ஆயிரம் மரம் கொத்திய பறவை வாழைமரத்தில் அலகு சிக்கி மாட்டிக்கொள்ளும் என்று மேடைக்கு மேடை உவமை சொல்லுகிறோமே, அது! நாமும் சொல்லியிருக்கிறோம், கைதட்டலும் வாங்கியிருக்கிறோம். அப்படிச் சிக்கிய பறவையை நேரில் கண்ட ஒருவரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

பாமரர் மட்டுமா இப்படி? படித்த உலகமும் ஒரு கதையை நெடுங்காலம் நம்பியது. அவ்வளவு வேகமாக மோதியும் மூளை கலங்காதது ஏன்? மண்டையோட்டில் அதிர்ச்சி தாங்கும் மெத்தை இருக்கிறது என்றார்கள். அதைப் பார்த்துத் தலைக்கவசம் செய்யலாம் என்றும் பேசினார்கள். 2022ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக விஞ்ஞானி ஒருவரும் அவருடைய துணைவரும் அதிவேகக் காமிராவைக் கொண்டுவந்து வைத்தனர். மூன்று வகை மரங்கொத்திகளைப் படம் பிடித்து, ஒவ்வொரு கொத்தையும் அளந்தனர். மெத்தையும் இல்லை, பஞ்சும் இல்லை! தலை இறுகிய சம்மட்டியாகவே இயங்குகிறது. மூளை சிறியது, ஆகவே அந்த மோதல் அதைக் கெடுப்பதில்லை என்று கண்டனர். மெத்தை இருந்தால் அடியின் வலுவில் பாதியை மெத்தையே தின்றுவிடாதா? பஞ்சு கட்டிய சம்மட்டியால் ஆணி அடிக்கும் தச்சன் உண்டா?

விலையுயர்ந்த கருவி இருந்தால்தான் இதெல்லாம் என்று சோர்ந்துவிடாதீர்கள். 'பத்மாவதி சரித்திரம்' தந்த அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையிலேயே படம் பிடித்தார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே பொருத்திக்கொண்ட காமிராவும் அவரிடம் இருந்தது. 1970இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

மாறாக, பெருங்கருவியோடு வரும் சிலரின் செய்கை நமக்குப் பிடிக்கவில்லை. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு, எதிரி வந்துவிட்டானோ என்று பறவையைப் பதற வைப்பது. பொந்து மறைகிறதென்று கிளையை ஒடிப்பது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பறவையின் கூட்டைக் குலைப்பதையும் வேட்டை என்றே வகைப்படுத்துகிறது. துப்பாக்கி இல்லாத வேட்டைக்காரர்கள் இவர்கள்!

அந்தியூருக்கு அப்பால் பர்கூர் மலையில் தந்தை பெரியார் பெயரால் வன உயிரினச் சரணாலயம் அமைக்கப்படும் என்று 2023இல் அறிவிப்பு வந்தது. பரப்பு 80,567 எக்டர். மகிழ்ச்சி. ஆனால் தோப்பிலே வாழும் பறவைக்கு யார் சரணாலயம் தருவது? தோட்டத்துக்காரர்தான் தரவேண்டும். நாங்களும் அவரிடமே மனுப்போட்டோம்.

கணக்குச் சொன்னோம். பெரும்பாலும் மூன்று முட்டை; பதினோரு நாள் அளவில் குஞ்சு வெளிவரும்; தாயும் தந்தையும் மாறி மாறி ஊட்டும்; இருபது நாள் சென்றால் பறந்துவிடும். ஆக, ஒரு மாதத் தவணை. மரம் எங்கும் ஓடிவிடாது. பேசிய விலை குறைந்தால் ஈடு செய்கிறேன் என்றார் நெசவாளித் தோழர். நாளெல்லாம் நெய்து கிடைக்கும் கூலி எவ்வளவு என்பதை அறிந்த நமக்கு, அந்தச் சொல் நெஞ்சைத் தொட்டது. தோட்டத்துக்காரரையும் தொட்டிருக்கவேண்டும். "அட, காசெல்லாம் வேண்டாமுங்க. இருக்கட்டும் விடுங்க" என்றார்.

சித்திரை கடைசியில் மீண்டும் போனோம். பொந்தின் வாயில் தலை நீட்டிய குஞ்சின் படம் தோழரிடம் இருந்தது. பெரிதாக்கி ஒரு படி தோட்டத்துக்காரருக்குக் கொடுத்தார். குடும்பம் பறந்து போயிருந்தது. மரமோ நின்றுகொண்டிருந்தது. தவணை முடிந்துவிட்டதே, ஏன் வெட்டவில்லை என்று கேட்டோம்.

அவர் மேலே கையைக் காட்டினார். பொந்திலிருந்து மைனா ஒன்று தலை நீட்டியது.

"கட்டினது ஒருத்தன், குடியிருக்கிறது ஒருத்தன். வாடகையை நான் யாருகிட்டங்க வாங்கறது?" என்றார்.