சிறுநீரகக் காயமும் ஓய்வின் பொருளியலும்: கற்பிட்டியை முன்வைத்து ஒரு குறிப்பு

விபத்து தற்செயலானது என்னும் கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஆயின், யார், எத்தொழிலைச் செய்கையிற் காயமுறுகின்றார் என நோக்குமிடத்துத் தற்செயலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டென்பது புலனாகும். சிறுநீரகக் காயத்தை நாம் இந்நோக்கிலேயே ஆராய முனைகின்றோம்.

சிறுநீரகங்கள் கீழ் விலா எலும்புகளினதும் முதுகுத் தசைகளினதும் காப்பில் அமைந்தவை. எனினும், இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அவற்றினூடாகச் செல்வதால், அவை கிழியுமிடத்துக் குருதிப்பெருக்கு கடுமையாகலாம். இக்காயங்களுட் பெரும்பாலானவை வெட்டினாலன்றி, வீதி விபத்து, உயரத்திலிருந்து விழுதல், விலாப்புறத்தில் அடிபடுதல் ஆகியவற்றாலேயே நேர்கின்றன. கற்பிட்டித் தீபகற்பத்திலே தென்னையேறுவோரும் கடற்றொழிலாளரும் இவ்வாபத்தைத் தொழிலோடு சேர்த்தே சுமக்கின்றனர்.

விலாப்புற நோவும் சிறுநீரிற் குருதி காணப்படுதலும் முதன்மை அறிகுறிகள். ஆயினும், சிறுநீர் தெளிவாயிருப்பதால் மட்டும் காயமில்லையெனத் துணிதல் தவறு. சிறுநீரகக் குருதிக்குழாயே அறுபட்ட விடத்தும் அது தெளிவாயிருக்கலாம். சி.ரி. ஸ்கேன் பரிசோதனையே காயத்தின் அளவை உணர்த்தும். 1989இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் இக்காயங்களை 5 படிநிலைகளாகப் பிரிக்கின்றது.

பெரும்பாலான காயங்கள் சத்திரசிகிச்சையின்றியே ஆறுகின்றன. படுக்கை ஓய்வு, நாளத்தினூடு திரவம் ஏற்றல், குருதிப் பரிசோதனையை மீள மீளச் செய்தல் என்பனவே அதற்கான சிகிச்சை. குருதி கசிவது நில்லாவிடின், குழாய் செலுத்திக் கசியும் நாடியை அடைக்கலாம். குருதி ஏற்றியும் நோயாளியின் நிலை சீர்படாதவிடத்தே அறுவை இன்றியமையாததாகும். சில வேளை சிறுநீரகத்தை அகற்றவும் நேரும். ஒற்றைச் சிறுநீரகத்துடன் மனிதர் வாழலாமென்பதை 1869இல் ஹைடெல்பேர்க்கில் குஸ்தாவ் சைமன் செய்த அறுவை மெய்ப்பித்தது.

எனவே, சிகிச்சையின் உயிர்நாடி கண்காணிப்பும் ஓய்வுமே. இங்கேதான் முரண்பாடு தோன்றுகின்றது. பத்தலங்குண்டுத் தீவில் அடிபட்டவர் முதலிற் படகேறிக் கரைசேர வேண்டும்; கற்பிட்டியிலிருந்து பாலாவி வழியே புத்தளம் 40 கிலோமீற்றருக்கு மேல். உயிர்தப்பி வீடு திரும்பியவருக்கோ, சில வாரங்களின் பின்னரும் குருதிப்பெருக்கு மீளலாமாதலாற் பாரவேலை விலக்கப்படுகின்றது. அன்றாடக் கூலியே உணவாகும் குடும்பம் அவ்வாரங்களை எங்ஙனம் கழிக்கும்? 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் ஒரு தொழில்தருநரை முன்னிறுத்தி ஆக்கப்பட்டது. மரத்துக்கு இவ்வளவெனக் கூலி பெற்றுப் பல தோட்டங்களில் ஏறுபவர் எவரிடம் ஈடு கோருவார்?

இலவச மருத்துவம் இந்நாட்டு மக்களின் அரும்பேறு. ஆயின், மருத்துவர் விதிக்கும் ஓய்வுக்கு ஊதியம் உறுதிசெய்யப்படும் வரை அச்சிகிச்சை வைத்தியசாலை வாயிலோடு முடிந்துவிடுகின்றது என்பதே நமது முடிபாகும்.