யுரேனியச் சுரங்கமும் அனுமதிப்பத்திரமும்

1904ஆம் ஆண்டிலே, இலங்கைக் கனிப்பொருளாய்வின் முதற் பணிப்பாளராயிருந்த ஆனந்த குமாரசுவாமி அவர்கள், பலாங்கொடைப் பகுதி இரத்தினக்கற் சரளையிற் கிடைத்த கரிய மணிகளை ஆராய்ந்து விவரித்தார்; அவை தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளென அறியப்பட்டன. கலையறிஞராக மட்டுமே அவரை அறிந்தோர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம். தோரியம் மிகுந்த அம்மணிகளில் யுரேனியமும் உண்டு. ஆயினும் அவை சிதறிக் கிடந்தமையால் யுரேனியச் சுரங்கம் எதுவும் ஈண்டு எழவில்லை.

தாது திரண்டு கிடப்பினும் சுரங்கம் உடனே எழுந்துவிடாது. இன்று ஒரு கம்பெனி இலங்கையில் இம்முயற்சியில் இறங்கின், 1992ஆம் ஆண்டின் சட்டப்படி, நுகேகொடைக்கு அண்மையிற் பிட்டகோட்டையிலுள்ள புவிச்சரிதவியல், சுரங்கப் பணியகத்திடம் ஆய்வுக்கு ஒன்றும் அகழ்வுக்கு ஒன்றுமாக அனுமதிப்பத்திரங்கள் பெறல் வேண்டும். சூழல் பற்றிய மதிப்பீடும் வேண்டும். கதிர்வீச்சுக் காப்பினை 2014ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின்கீழ் அமைந்த சபை கவனிக்கும்.

செலவு இதனினும் பெரிது. பல சுரங்கங்களில் ஒரு தொன் தாதிலிருந்து கிடைக்கும் யுரேனியம் ஓரிரு கிலோகிராமே. அத்துணைத் தாதையும் தொலைவுக்குச் சுமந்து செல்லல் கட்டாது. ஆகவே பிரித்தெடுக்கும் ஆலையைச் சுரங்கத்தருகிலேயே அமைத்தல் வேண்டும். எஞ்சும் கழிவிலே ரேடியம் தங்குதலின், அதனைப் பல தலைமுறைக்குக் காக்கத்தக்க தேக்கமும் வேண்டும். சுரங்கத்தை மூடும் நாளைய செலவுக்குத் தொடக்கத்திலேயே பிணைப்பணம் கேட்கும் அரசுகளும் உள. இவையெல்லாம் முதல் இறாத்தல் விற்பனையாகுமுன் நேருஞ் செலவுகள். இத்தனைக்கும் முதலிடுவோர் நோக்குவது சந்தை விலையையே. 2011இன் தொடக்கத்தில் இறாத்தல் 70 டொலரளவில் நின்ற விலை, புக்குசிமா விபத்தின் பின்னர் வீழ்ந்து, 2016இன் இறுதியில் 20 டொலருக்குங் கீழே சென்றது.

அனுமதியும் விலையும் ஒருங்கே வாய்க்காமையே பெருந்தடையென்பதை மேற்கு அவுஸ்திரேலியாவின் யீலிரி காட்டுகின்றது. அங்கே 1972இல் தாது காணப்பட்டது. கனடிய நாட்டுக் கமெக்கோ கம்பெனி 2012இல் அதனை 43 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கிற்று. நிலத்தடி நீரில் வாழும் சிற்றுயிர்கள் சில அழியுமென மாநிலச் சூழற் பாதுகாப்புச் சபை 2016இல் மறுப்புரைத்தது. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத அவ்வுயிர்கள் பெருமுதலை எதிர்த்து நின்றமை விந்தையே. அம்மறுப்பையும் மீறி 2017 ஜனவரியில் மாநில அரசும், 2019இல் மத்திய அரசும் அனுமதியளித்தன. ஐந்தாண்டுக்குள் வேலை கணிசமாகத் தொடங்கல் வேண்டுமென்பது மாநிலத்தின் நிபந்தனை. விலையோ தாழ்ந்தே கிடந்தது, கம்பெனி தொடங்கவில்லை. 2022 ஜனவரியில் தவணை கழிந்தது, நீடிப்பும் கிடைத்திலது. ஈராண்டு சென்று, 2024 ஜனவரியில், யுரேனியத்தின் விலை இறாத்தல் 100 டொலரைத் தாண்டிற்று.