அரை நிமிஷக் கல்லூரி

காலை ஒன்பதே கால் மணிக்கு, தோளில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாக, குக்கரை அடுப்பிலிருந்து இறக்கினோமா இல்லையா என்ற சந்தேகத்தை மந்தைவெளியிலேயே விட்டுவிட முடியாமல் சேப்பாக்கம் வரைக்கும் கூடவே அழைத்துச் செல்லும் பேருந்துப் பிரயாணியான எனக்கு, ராதாகிருஷ்ணன் சாலை வந்து காமராஜர் சாலையைச் சேரும் முனையில், போக்குவரத்து விளக்கின் கருணையால் தினந்தோறும் அரை நிமிஷம் அவகாசம் கிடைக்கிறது. (2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குச் சீட்டுக்குக் காசு வேண்டியதில்லையாதலால், அந்த அரை நிமிஷத்துக்குச் செலவும் இல்லை.) வலப்பக்கம் காந்தி சிலையும் அதன் பின்னே கடலும், இடப்பக்கம் ராணி மேரி கல்லூரியின் மதில். கடலைப் பார்ப்பதற்கென்றே ஜன்னலோரம் இடம் பிடிப்பவர்கள் உண்டு. நான் மதிலைப் பார்க்கிறவள். 2001 முதல் 2004 வரை அந்த மதிலுக்கு உட்புறம் சரித்திரம் படித்தேன் என்பதே காரணம். விளக்கு பச்சையானதும் பேருந்து நகர்ந்துவிடும். மகனுக்குக் கணக்குப் பரீட்சை, மகளுக்குப் பல் டாக்டர், மாமியாருக்கு மாத்திரை, ராத்திரி தோசைக்கு என்ன சட்னி என்பவையெல்லாம் ஒவ்வொன்றாக ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த அரை நிமிஷத்து ஏக்கத்துக்கு மேனாட்டார் 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் சொல்கிறார்கள். அந்தப் பெயரைச் சூட்டியவர் கவிஞர் அல்லர். வைத்தியம் பயின்றுகொண்டிருந்த பத்தொன்பது வயது மாணவர் என்பது வேடிக்கை. யோஹானஸ் ஹோஃபர் என்ற அந்த இளைஞர், 1688-ஆம் ஆண்டில் பாஸெல் நகரத்துச் சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்த ஆராய்ச்சிக் கட்டுரையில், வீடு திரும்புதலையும் வேதனையையும் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து அதை உண்டாக்கினார். தாயகத்தை விட்டு அயல் மண்ணில் காலம் தள்ள நேர்ந்த ஸ்விட்ஸர்லாந்துக்காரர்கள், ஊர் நினைப்பிலேயே உருகி மெலிவதை அவர் உண்மையான வியாதியாகவே கருதினார். ஊருக்கு அனுப்பிவைப்பதுதான் அதற்கு உத்தமமான சிகிச்சை என்றும் நம்பினார். நூற்றுப் பத்து ஆண்டுகளுக்குப் பின், 1798-இல் வெளியான தம் நூலொன்றில், தத்துவ ஞானி கான்ட் இந்த வைத்தியத்தில் ஒரு நுட்பத்தைக் கண்டு சொன்னார். ஊர் திரும்பியவர்கள் குணமடைவது மெய்தான். ஆனால் அவர்கள் ஏமாற்றத்தினால் குணமடைகிறார்கள், ஏனென்றால் அவர்கள் தேடிப் போனது ஊரை அன்று, அங்கே விட்டுவந்த இளமையை என்பது அவர் கருத்து.

கல்லூரி ஏக்கத்துக்கு அந்தச் சிகிச்சைகூட இல்லை. மதிலுக்கு உள்ளே போய் ஒரு மணி நேரம் உலாவிவிட்டு வரலாம், காவலாளி அனுமதித்தால். உள்ளே இருப்பவர்கள் என்னை 'ஆன்ட்டி' என்று அழைத்து வழி விடுவார்கள்.

ஆயுளில் எத்தனையோ ஆண்டுகள் இருக்க, இந்த மூன்று ஆண்டுகள் மட்டும் ஏன் இப்படிப் பளிச்சென்று நிற்கின்றன என்பதற்கு மனோதத்துவ சாஸ்திரிகளிடம் ஒரு விடை உண்டு. டேவிட் ரூபின் என்பவரும் அவருடைய சகாக்களும் 1986-இல் எடுத்துக்காட்டியபடி, நடுவயது கடந்தவர்களைத் தம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறையப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே அளவுக்கு மீறித் திரண்டு வருகின்றன. சமவெளியில் மேடு தட்டினாற்போல் அந்தப் பகுதி உயர்ந்து நிற்கிறது. முதல் சிநேகிதி, முதல் தனிப் பிரயாணம், வீட்டுக்குத் தெரியாமல் பார்த்த முதல் சினிமா என்று எல்லாமே முதலாவதாக அமைந்துவிடுவதாலும், நான் யார் என்று ஒருவர் தமக்குள் தீர்மானித்துக்கொள்ளும் பருவம் அதுவே என்பதாலும் அப்படி நேர்கிறதென்பர். நூற்று எண்பதாவது தடவை கட்டிக்கொடுக்கும் எலுமிச்சஞ்சாதத்தை எந்த மனமும் தனியே எடுத்து வைத்துக்கொள்வதில்லை.

ஆனால் மேடு என்பது மேடுதானே ஒழிய, சொர்க்கம் அன்று. நேர்மையாகக் கணக்குப் பார்த்தால், கல்லூரி நாட்களில் நான் ஓய்வாக இருந்ததாகச் சொல்ல முடியாது. இரண்டு பேருந்து மாறி வந்து, முதல் வகுப்புக்குப் பாதி நாட்களுக்கு மேல் தாமதமாகி, வருகைப் பதிவுக்காகக் கெஞ்சி, இன்டர்னல் மதிப்பெண்ணுக்காக அஞ்சி, அரியர் விழுந்த தாளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்த பெண் அவள். அவளிடம் போய், 'இருபது வருஷம் கழித்து இந்த நாட்களுக்காக ஏங்குவாய்' என்று சொல்லியிருந்தால், கையிலிருந்த சமோசாவைத் தவிர வேறு எதையும் அவள் பொருட்படுத்தியிருக்க மாட்டாள். இருந்தும் ஒன்று அவளிடம் இருந்தது, என்னிடம் இல்லாதது. ஆசிரியை வராத வகுப்பு வேளையில், அந்த ஃப்ரீ பீரியடில், மரத்தடியில் நாலு பேராக உட்கார்ந்து, கடற்காற்றில் நோட்டுத் தாள்கள் படபடக்க, எதைப் பற்றியும் அல்லாமல் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்த முக்கால் மணியை எவரும் அவளிடமிருந்து கேட்கவில்லை. யாருக்கும் கடன்படாத நேரம். 'ஒழிவு' என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அது.

ஆண்களுக்குக் கல்லூரி ஏக்கம் என்பது இளமையின் ஏக்கமாக இருக்கலாம். பெண்களுக்கு அதில் வேறொரு ரசமும் கலந்திருக்கிறதென்று எனக்குத் தோன்றுகிறது. தகப்பனார் வீட்டு அடுக்களைக்கும் புருஷன் வீட்டு அடுக்களைக்கும் நடுவே, 'அவள் படிக்கிறாள், கூப்பிடாதே' என்று சொல்லி வீடு அவளுக்கு அளித்த விலக்கு அது. அந்த விலக்கும் எளிதாக வந்துவிடவில்லை. ராணி மேரி கல்லூரி 1914-ஆம் ஆண்டில் கேப்பர் ஹவுஸ் என்ற பழைய மாளிகையில் சென்னைப் பெண்கள் கல்லூரியாகத் தொடங்கி, 1917-இல் இன்றைய பெயரைப் பெற்றது. அது தொடங்குவதற்கு முன்பே, பாலிய விதவையான சகோதரி சுப்புலட்சுமி, கொஞ்ச தூரத்தில் உள்ள மாநிலக் கல்லூரியில் ஆண்களோடு அமர்ந்து படித்து 1911-இல் பட்டம் பெற்றிருந்தார். இளம் விதவைகளுக்காக அவர் நடத்திய விடுதி பின்னர் ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் அக்கட்டடத்தையும் என் பேருந்து தாண்டித்தான் போகிறது. தலையை மழித்து மூலையில் உட்காரவைக்கப்பட்டிருக்க வேண்டிய பெண்களுக்குப் புத்தகம் தந்த ஒழிவின் அருமையை, மூன்று ஆண்டில் எழுபது சினிமா பார்த்த நான் அளந்து சொல்லத் தகுதியற்றவள்.

இனி, இன்றைய பரபரப்பைப் பற்றி. 'தலைக்கு மேல் வேலை' என்று சொல்லாத தாயார் இல்லை; அது வெறும் புலம்பலா என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக மத்திய அரசாங்கமே கடிகாரம் பிடித்துப் பார்த்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிட்டார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷம். அதிலும், அவ்வேலையில் கை வைத்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர் என்றால், ஆண்களில் 26 பேர்தாம். 2024-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிஷமாகக் குறைந்தது என்று படித்துச் சற்றே மகிழ்ந்தேன்; அடுத்த வரியில் ஆண்களின் நேரமும் 88 ஆகக் குறைந்திருந்தது. பத்து நிமிஷம் எங்களுக்கு, ஒன்பது நிமிஷம் அவர்களுக்கு. வேலையைக் குறைக்கும் யந்திரங்கள் பாரபட்சம் பார்ப்பதில்லை போலும்.

யந்திரங்கள் என்றதும் கிரைண்டர் ஞாபகம் வருகிறது. கோயம்புத்தூரில் 1950-களில் பிறந்த அந்தப் புண்ணிய வஸ்து, ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து தோள் வலிக்கக் குழவியைச் சுழற்றிய பெண்களை எழுப்பிவிட்டது உண்மை. ஆனால் ஆட்டுக்கல் காலத்தில் ஒருத்தி சுற்றுவாள், இன்னொருத்தி தள்ளிவிடுவாள், மூன்றாமவள் ஊர்க்கதை சொல்லுவாள். இட்லியும் நாள் கிழமைகளில்தான். இன்றோ, கிரைண்டருக்கு ஒருத்தி போதும், அவளும் தனியே நிற்க வேண்டும், இட்லியும் வாரத்தில் நாலு நாள். அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றி ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற சரித்திர ஆசிரியை 1983-இல் எழுதிய நூலில், அடுப்பும் சலவை யந்திரமும் வந்ததனால் விறகு வெட்டும் ஆடவருக்கும் தண்ணீர் சுமக்கும் பிள்ளைகளுக்கும் வேலை குறைந்ததே தவிர, தாய்க்குக் குறையவில்லை; சுத்தத்துக்கும் ருசிக்கும் அளவுகோல் உயர்ந்துபோனதால் அவளுடைய வேலை கூடவே செய்தது என்று நிறுவியிருக்கிறார். அதைப் படித்தபோது, என் வீட்டுச் சலவை யந்திரத்தின் மேல் மலையாய்க் குவிந்திருந்த பள்ளிச் சீருடைகளை நான் திரும்பிப் பார்த்தேன்.

நிமிஷக் கணக்கையும் தாண்டி ஒரு சங்கடம் உண்டு. ஒரு வேலையைப் பாதியில் விட்டு மற்றொன்றுக்குத் தாவும்போது, கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறதென்று ஸோஃபி லெராய் என்ற ஆராய்ச்சியாளர் 2009-இல் காட்டினார். அடைக் கல்லில் மாவு ஒட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகக் கோப்பில் கையெழுத்து வைக்கும் விரல் ஒன்று. மகனின் காய்ச்சல் இறங்கிற்றா என்று கைபேசியைத் தேடும் விரல் மற்றொன்று. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஒரு மணி நேரம் மெய்யாகவே சும்மா கிடைத்தாலும், அது முழுத் துணியாகக் கிடைப்பதில்லை, ஒட்டுத் துண்டுகளாகவே வந்து விழுகிறது. பழைய சிநேகிதிகள் பதினொரு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். கல்லூரியை விட்டு இருபது ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட நாள் குறித்து, மூன்று தடவை தள்ளிப்போட்டு, இப்போது இருபத்தைந்தாம் ஆண்டுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆகியிருக்கிறோம்.

சென்ற மாதம் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கியிருந்தார். பத்தாவதோடு படிப்பு நின்றவர். ஓர் இரவு, மகள் என்னவோ கேட்கப்போய், 2003-ஆம் ஆண்டின் கதையைத் தொடங்கினேன். ராணி மேரி கல்லூரி நின்ற இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டுவதென்று அன்றைய அரசு முடிவு செய்ததும், மாணவியராகிய நாங்கள் வெளியேற மறுத்து வளாகத்துக்குள்ளேயே அமர்ந்துவிட்டதும், கடைசியில் அத்திட்டம் கைவிடப்பட்டதும் நான் அடிக்கடி சொல்லும் கதைகள்; சொல்லச் சொல்ல என் குரல் உயர்வதும் வழக்கம். அந்த நாட்களில் ஒரு பகல் வேளையில் வாசலில் அம்மா வந்து நின்று, எலுமிச்சஞ்சாதம் கொடுத்துவிட்டுப் போனார் என்பதையும் அலங்காரமாக ஒரு வாக்கியத்தில் சேர்த்துக்கொள்வேன். அன்றைக்கு விடியுமுன் எழுந்து பத்துப் பேருக்குச் சாதம் வடித்து, அப்பா சாப்பிட வருவதற்குள் வீடு திரும்ப வேண்டுமென்று வெயிலில் ஓடியவருக்கு அந்தப் பகல் எப்படிக் கழிந்ததென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மரத்தடியில் நான் அனுபவித்த ஒழிவு முழுவதும் அவருடைய கையிலிருந்து வந்தது என்பது எனக்குத் தோன்றியதே, என் மகளுக்காக நான் அதேபோல ஓடத் தொடங்கிய பிறகுதான்.

கதையை முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "ஏண்டி, அந்தத் தூக்கை யாருகிட்டக் குடுத்தே?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"எலுமிச்சஞ்சாதம் கொண்டாந்தேனே, எவர்சில்வர் தூக்கு. எங்கம்மா சீராக் குடுத்தது, பேரு வெட்டினது. அன்னைக்கு இருந்த அவசரத்துல மூடி கிடைக்கல. தட்டைக் கவுத்து, துணியக் கட்டித்தான் எடுத்தாந்தேன். மூடி இன்னும் வீட்லதான் கெடக்கு. அதுலதான் ஊறுகாய் வெச்சிக்கறேன்."

நாங்கள் எழுப்பிய கோஷங்களெல்லாம் எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கின்றன. யார் யார் எந்த மரத்தடியில் அமர்ந்திருந்தார்கள், எவள் அழுதாள், எவள் பாடினாள் என்பதும் ஞாபகம் இருக்கிறது. தூக்கு மட்டும் இல்லை. குழுவில் கேட்டு எழுதினேன். பதினொரு பேரில் ஒருத்திக்கும் ஞாபகம் இல்லை. சாதம் நன்றாக இருந்ததென்று மூன்று பேர் பதில் போட்டிருந்தார்கள்.