தயிர்சாதப் பூனையும் தேன்சிட்டும்

ஊரில் நம் தாத்தா வீட்டுப் பூனையை யாரும் 'வளர்த்தது' கிடையாது. அது தானாக வந்தது, நெற்குதிருக்குப் பின்னால் குட்டி போட்டது, முற்றத்தில் கொஞ்சம் பால் குடித்தது. மற்றபடி அதன் பாட்டை அதுவே பார்த்துக்கொண்டது. எலி பிடிப்பது அதன் உத்தியோகம். பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து மூன்றாவது மாடி ஃபிளாட்டில் குடியேறிவிட்ட நாம், பூனை விஷயத்தில் மட்டும் அதே ஏற்பாட்டைத் தொடர்கிறோம். காலையில் ஒரு கிண்ணம் பால், மதியம் தயிர்சாதம், கதவு எப்போதும் திறந்தபடி. இது இந்த ஊருக்குச் சரிப்படுமா என்று சற்று யோசித்துப் பார்க்கலாம்.

எலிக்குப் பூனை என்ற நம்பிக்கை வெறும் கதையல்ல. கூட்ஸ் ஷெட்டில் தானிய மூட்டைகளுக்கு நடுவே பூனையைப் பார்க்காத ரயில்வேக்காரர் இருக்க மாட்டார். 1898-இல் பம்பாய்ப் பக்கமிருந்து ஹூப்ளி வழியாகப் பெங்களூருக்கு வந்த பிளேக், ஊரைக் கதிகலங்க வைத்தது. இன்றும் நகரில் ஆங்காங்கே உள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்த நாட்களின் அடையாளம். எலியின் உடம்பிலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைப் பரப்புகிறது என்பதைச் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்ததும் அதே 1898-இல்தான். பத்து வருடம் கழித்து, இந்திய மருத்துவப் பணியில் இருந்த புக்கானன் என்பவர், பூனைகள் மிகுந்த கிராமங்களில் பிளேக் குறைவு என்று எழுதிப் பூனை வளர்ப்பைச் சிபாரிசு செய்தார். (பூனைக்கும் பிளேக் தொற்றும் என்பது தனிக் கதை.)

ஆனால் இன்று நம் தெருச் சாக்கடையில் ஓடுவது பெரும்பாலும் சுண்டெலி அல்ல; பெருச்சாளி, கன்னடத்தில் ஹெக்கண. நன்றாக வளர்ந்தால் ஒரு கிலோ வரை வரும் அந்தப் பிராணி எதிரே வந்தால், நம் வீட்டுப் பூனை மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொள்ளும். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், எலிகள் நிறைந்த ஒரு குப்பைக் கிடங்கில் 79 நாட்கள் கேமரா வைத்துப் பார்த்தவர்கள் 2018-இல் கணக்கை வெளியிட்டார்கள். அங்கே திரிந்த பூனைகள் கொன்றவை இரண்டே இரண்டு எலிகள்!

அப்படியானால் வெளியே போகும் பூனை எதைப் பிடிக்கிறது? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சின்னக் கேமராவைக் கட்டி அனுப்பிப் பார்த்தார்கள். 100-க்கு 44 பூனைகள் வேட்டையாடின. அதிகம் சிக்கியவை ஓணான் வகையைச் சேர்ந்த சிறு பிராணிகள். பிடித்தவற்றில் நாலில் ஒரு பங்குகூட வீட்டுக்கு வரவில்லை. பாதியளவு, தின்னாமலேயே பிடித்த இடத்தில் கிடந்தது. "எங்கள் பூனை பரம சாது, ஒன்றையும் தொடாது" என்று சொல்லும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாமல்லபுரம் பாறைச் சிற்பத்தில் கையைத் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிச் சூழ்ந்து நிற்கும் எலிகளையும் பல்லவச் சிற்பி சும்மா செதுக்கவில்லை. நம் குடியிருப்புகளில் மிஞ்சியிருக்கும் ஒரு மாமரத்திலும் நாலு செம்பருத்திச் செடியிலும் இருப்பவை தேன்சிட்டு, தையல்சிட்டு, அணில், ஓணான். பூனையின் பல்லுக்குத் தோதான அளவு அவைதான்.

இனி தயிர்சாதத்துக்கு வருவோம். பாற்கடலையே நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று கம்பரே தம்மைச் சொல்லிக்கொண்டதால், பூனை என்றால் பால் என்று நமக்கு ஊறிவிட்டது. உண்மையில் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை; வயிற்றுப்போக்குதான் மிச்சம். பூனை முழுக்க முழுக்க மாமிச பட்சிணி. டாரின் என்ற சத்து அதற்கு மாமிசத்திலிருந்து கிடைத்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் கண்பார்வை கெடும் என்பது 1975-இலும், இதயம் பழுதாகும் என்பது 1987-இலும் நிரூபணமாயின. தயிர்சாதம் போட்டு, "இவ்வளவு போட்டும் திருட்டுத்தனமா வேட்டைக்குப் போகுது" என்று கோபிப்பது நியாயமே இல்லை. இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2021-இல் வெளிவந்தது. மாமிசச் சத்து மிகுந்த உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினம் ஐந்து பத்து நிமிடம் வீட்டார் விளையாட்டுக் காட்டிய பூனைகளிடம் 25 சதவீதம் குறைந்தது. கழுத்து மணியால் குறிப்பிடும்படி பலன் இல்லை. மீன் வாசனை ஆகாத வீடுகளில் பூனைக்கென்றே வரும் பாக்கெட் தீனியைக் கொடுக்கலாம். நாய்த் தீனி போதாது.

பறவைகளுக்காக மட்டும் சொல்லவில்லை. பூனையின் உயிரும் இதில் இருக்கிறது. இந்த ஊர் டிராஃபிக்கும் தெருநாய்களும் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியே சண்டை போட்டு வரும் பூனையின் கடியில் வெறிநோய் அபாயமும் உண்டு; தடுப்பூசி அவசியம். மாடியிலிருந்து விழுவது இன்னொன்று. நியூயார்க்கில் ஐந்தே மாதத்தில் உயரத்திலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளில் 90 சதவீதம் பிழைத்தன என்று 1987-இல் எழுதினார்கள். விழும்போதே உடம்பைத் திருப்பிக் காலால் இறங்கும் அதன் வித்தை எந்த எஞ்சினியரையும் வியக்க வைக்கும். ஆனால் விழுந்த இடத்திலேயே செத்தவை ஆஸ்பத்திரிக் கணக்கில் வராது என்பதை மறக்கக் கூடாது. பால்கனியில் புறாவுக்காகக் கட்டும் நைலான் வலையை நம்பாதீர்கள், பூனை கடித்துவிடும். ஒரு அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை அடிப்பக்கமும் இறுக்கிக் கட்ட வேண்டும்.

ஆகவே என் கட்சி, வீட்டுக்குள் வைப்பதுதான். அதற்காகச் சங்கிலி போட்டுக் கட்டுவது வதை. ஜன்னலோரம் ஏறி உட்கார ஒரு பலகை, நகம் கீற ஒரு தேங்காய்க்கயிறு சுற்றிய கட்டை, தினமும் சுத்தம் செய்யும் மணல் தட்டு இவை போதும். கருத்தடை ஆபரேஷன் செய்தால் அலைச்சல் பெருமளவு அடங்கும். குட்டிகள் பெருகியபின் கோணியில் கட்டி மார்க்கெட்டில் விட்டு வருவது நம்மவரிடம் இன்னும் இருக்கும் பழக்கம். நியாயமான காரணமின்றி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருடத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வெளியே திரிந்து பழகிய பூனையை ஒரே நாளில் அடைக்க முடியாது. இருட்டும் நேரமும் விடியும் நேரமும்தான் அதன் வேட்டை நேரம். எனவே பெரிய சாப்பாட்டை மாலை ஐந்தரைக்கு மாற்றி, உள்ளே வந்து தின்றதும் கதவைச் சாத்திவிட வேண்டும்; பொழுது நன்றாக விடிந்தபின் திறக்கலாம். பிறகு பகலிலும் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். இரண்டு மூன்று வாரம் இரவில் கத்தித் தீர்க்கும். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. கன்னடம் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை. 'பெக்கு' என்றால் புரிந்துகொள்வார்கள்.